பரோட்டா பீட்சாவுக்கு எத்தனை சதவீதம்?

பெறுநர்: ஜிஎஸ்டி மன்றச் செயலகம், ஜீவன் பாரதி கட்டடம், ஜன்பத், புது டெல்லி.
அனுப்புநர்: கிட்வாய் நகர் பக்கம், நாலு மாணவர்கள் தங்கியிருக்கும் ஓர் அறை.

மதிப்பிற்குரிய மன்றத்துக்கு,

கிட்வாய் நகரிலிருந்து தங்கள் செயலகம் ஒன்றும் தொலைவில்லை. ஐ.என்.ஏ. நிலையத்தில் மஞ்சள் தட மெட்ரோவில் ஏறினால் ஆறாவது நிறுத்தம் ராஜீவ் சௌக். இறங்கி ஜன்பத் பக்கம் கொஞ்சம் நடந்தால் ஆயிற்று. நேரில் வந்தே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்க வேண்டிய பொருள் தோசைக்கல்லில் சூடாக இருக்கிறது. ஆறிப்போனால் வேறு வகைப்பாட்டுக்குள் போய்விடுமோ என்ற பயத்தில் கடிதமாக வருகிறது.

பொருள் இதுதான். மாதக் கடைசி. ஐ.என்.ஏ. சந்தையில் மலையாளிகள் கடைக்குப் போன ஒருவர், பாக்கெட் பரோட்டா வாங்கி வந்தார். இன்னொருவர் அதைக் கல்லில் போட்டு, அடிப்பக்கம் சிவந்ததும் திருப்பி, தக்காளி சாஸைக் கரண்டியின் முதுகால் தேய்த்தார். மேலே வெங்காயம், குடைமிளகாய், துருவிய சீஸ். கல்லின் ஓரத்தில் ஒரு கரண்டித் தண்ணீரைத் தெளித்துச் சட்டென்று மூடினார். சிறுதீயில் நாலு நிமிடம். ஆவியில் சீஸ் உருகி, ஓரத்தில் வழிந்த கொஞ்சம் கல்லில் பட்டு மொறுமொறுவென்று தீய்ந்தது. அந்தத் தீய்ந்த துணுக்குக்குத்தான் அறையில் சண்டை. நேப்பிள்ஸ்காரர்கள் 485 டிகிரி விறகடுப்பில் 60 முதல் 90 நொடிக்குள் எடுத்துவிடுவார்களாம். அவர்களுக்கு விறகு இருக்கிறது, இவர்களுக்குப் பசி இருக்கிறது.

மன்றம் தெளிவுபடுத்த வேண்டியது ஒன்றே ஒன்று: இது பரோட்டாவா, பீட்சாவா?

கேள்வி அற்பமாகத் தோன்றலாம். தங்கள் சட்டத்தின் கீழ் இதைவிட அற்பமான கேள்விகளுக்குப் பக்கம் பக்கமாகத் தீர்ப்பு எழுதப்பட்டிருப்பதால்தான் கேட்கும் தைரியம் வந்தது. 2020-ல் கர்நாடக முன்தீர்ப்பு ஆணையம், பாக்கெட் பரோட்டா ரொட்டி இனத்தில் சேராது, சாப்பிடுவதற்கு முன் அதைச் சூடுபடுத்த வேண்டியிருக்கிறது, ஆகவே 18 சதவீதம் என்றது. சப்பாத்திக்கு 5, பரோட்டாவுக்கு 18. மதுரையில் யாரிடமாவது பரோட்டா ரொட்டி இல்லை என்று சொல்லிவிட்டு ஒருவர் சால்னா கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

2022-ல் ஹரியானா மேல்முறையீட்டு ஆணையத்தின் முன் பீட்சாவே போய் நின்றது. மேலே தூவும் 'மொசரெல்லா டாப்பிங்' சீஸ்தானே, சீஸுக்கு உரிய வரியைப் போடுங்கள் என்று கேட்டது ஒரு வணிக நிறுவனம். ஆணையம் சரக்கின் உட்பொருள்களைப் பார்த்தது. தாவரக் கொழுப்பு 22 சதவீதம். சீஸ் இல்லை, வெறும் 'உணவுத் தயாரிப்பு', 18 சதவீதம் என்று முடித்தது. இந்தத் தீர்ப்பைப் பகடி செய்ய அறையில் யாருக்கும் மனம் வரவில்லை. மலிவு பீட்சாவில் நீளமாக நூல் இழுக்கும் அந்த வெள்ளைப் பொருள் சில இடங்களில் சீஸே இல்லை என்பதை மாணவர்களுக்கு முதலில் சொன்னது சமையல் நிபுணர் இல்லை, வரி அதிகாரி.

கோயம்புத்தூரையும் மன்றம் மறந்திருக்காது. 2024 செப்டம்பரில் மன்றத்தின் தலைவரான நிதியமைச்சர் முன்னிலையில், அன்னபூர்ணா உணவக உரிமையாளர் சீனிவாசன் எழுந்து, பன்னுக்கு ஜிஎஸ்டி இல்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18 சதவீதம் ஆகிறது, பன்னையும் கிரீமையும் தனித்தனியாகக் கொடு, நாங்களே தடவிக்கொள்கிறோம் என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள் என்றார். கூடம் சிரித்தது. அடுத்த சில நாட்களில் அவர் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்கும் காணொளி வெளியானது. பேச்சை வாபஸ் வாங்கலாம். யோசனையை யார் வாபஸ் வாங்குவது? கிட்வாய் நகர் அறையில் தினமும் நடப்பது அதேதான். தனித்தனியாக வாங்குகிறார்கள், தாங்களே தடவிக்கொள்கிறார்கள்.

நன்றியும் சொல்லியாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் மன்றம் பரோட்டாவின் 18-ஐப் பூஜ்யமாக்கியது. பீட்சா பிரெட்டுக்கும் பூஜ்யம், பாக்கெட் பனீருக்கும் பூஜ்யம். சீஸ் 12-லிருந்து 5-க்கு இறங்கியது. வெங்காயம், குடைமிளகாய்க்கு முன்பே வரி கிடையாது. ஆக, வீட்டுப் பீட்சாவில் வரி என்பது மேலே உருகும் அந்த மெல்லிய ஆடையும் அடியில் தடவிய சாஸும் மட்டும்தான். ஆனால் ஆர்வக்கோளாறில் ஒருவர் பிரெட்டையும் வீட்டிலேயே செய்யலாம் என்று பாக்கெட் மைதா வாங்கினால் அதற்கு 5 சதவீதம். செய்து வைத்ததற்கு வரி இல்லை, செய்யப்போகிறவருக்கு உண்டு. சோம்பேறிக்குச் சலுகை தரும் சட்டம் உலகில் அபூர்வம். அறை முழுமனதாக வரவேற்கிறது.

வெளியே சாப்பிடும் கணக்குக்கு வருவோம். ஒரு பீட்சா 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கடைக்கு நடந்துபோய் வாங்க 5 சதவீதம் சேர்த்து 210. அதையே கைப்பேசியில் சொல்லி வரவழைத்தால் டெலிவரிக் கட்டணம் 40, செயலியின் 'பிளாட்ஃபார்ம்' கட்டணம் 15, இரண்டுக்கும் 18 சதவீதம் வரி 9 ரூபாய் 90 காசு. மொத்தம் 274.90. ஒரே அட்டைப்பெட்டிக்குள் இரண்டு வரி விகிதம். தின்பதற்கு 5, வருவதற்கு 18. பிளாட்ஃபார்ம் என்றால் ரயில் நிலையத்தில் இருப்பது என்று நினைத்திருந்த ஒருவர், அதற்கும் கட்டணம், கட்டணத்துக்கும் வரி என்று தெரிந்த நாளிலிருந்து நடந்தே போகிறார். உட்கார்ந்து சாப்பிட்டால் சில இடங்களில் பில்லின் அடியில் 'சர்வீஸ் சார்ஜ்' எட்டிப் பார்க்கும். அது கட்டாயமில்லை என்று 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டதால், அதை எடுக்கச் சொல்லும் பொறுப்பு அறையில் குரல் பெரிதாக உள்ளவருக்கு.

பீட்சா முன்னால் அரசுகள் தடுமாறுவது புதிதில்லை. 2016-ல் கேரள அரசு, பிராண்டு கடைகளின் பீட்சா, பர்கருக்கு 14.5 சதவீதம் 'கொழுப்பு வரி' போட்டது. பீட்சாவுக்குக் கொழுப்பா, தின்றவனுக்குக் கொழுப்பா என்று தமிழில் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். 2011-ல் அமெரிக்க நாடாளுமன்றம், பள்ளி மதிய உணவில் பீட்சாவின் மேல் தடவிய இரண்டு மேசைக்கரண்டித் தக்காளி விழுதைக் காய்கறிக் கணக்கில் தொடர்ந்து சேர்க்க வழிவிட்டது. கிட்வாய் நகரிலிருந்து ஊருக்குப் போகும் தொலைபேசியில் "காய்கறி சாப்பிடுறியாப்பா?" என்று அம்மா கேட்கும்போது, "சாப்பிடுறேன்மா" என்று வரும் பதிலுக்கு அமெரிக்கச் சட்டத்தின் பின்பலம் இருக்கிறது.

நிர்வாக விஷயத்திலும் அறை மன்றத்தையே பின்பற்றுகிறது. மன்றத்தில் எதுவும் நிறைவேற முக்கால் பங்கு வாக்கு வேண்டும். மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, ஆகவே அது தலையசைக்காமல் எதுவும் நகராது. அறையில் அந்த மூன்றில் ஒரு பங்கு தோசைக்கல்லின் சொந்தக்காரருக்கு. மற்ற மூவரும் காளான் என்று ஒற்றுமையாக நின்றாலும் அவர் தலையசைக்காவிட்டால் காளான் கிடையாது. மன்றம் முதன்முதலில் வாக்கெடுப்புக்குப் போனது 2019 டிசம்பரில், லாட்டரி விவகாரத்தில். அறை இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை.

ஆகவே வேண்டுவது இரண்டு. ஒன்று, பரோட்டா மேல் சீஸ் உருகினால் அது இன்னும் பரோட்டாவே என்று ஒரு வரியில் சுற்றறிக்கை. தோசைக்கல்காரர் இந்தப் பரோட்டா பீட்சாவைப் பக்கத்து அறைகளுக்கு விற்கும் யோசனையில் இருக்கிறார், ஆகவே அவசரம். இரண்டு, டெலிவரிக் கட்டணத்தின் 18-ஐ 5 ஆக்குவது. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மூலையில் ஓர் இடம் போதும்.

இப்படிக்கு,
அறையில் உள்ள நால்வர்

இணைப்பு: ஆரிகானோ பொட்டலம் 2. கடையில் சும்மா கொடுத்தது, வரி கட்டவில்லை.