எந்த 0.82?

11 பேரின் தரவை ஆர் மென்பொருளில் கொடுத்தேன். ஒட்டுறவுக் கெழு 0.82, பி-மதிப்பு 0.002 என்று நொடியில் சொல்லிவிட்டது. இனிமேல் படம் வேறு போட்டுப் பார்க்க வேண்டுமா?

எந்த 0.82? நான்கு இருக்கின்றனவே! புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973-இல் பதினொரு புள்ளிகள் கொண்ட நான்கு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். நான்கிலும் கெழு உங்களுடையதுதான். பி-மதிப்பும் அதே 0.002. படம் போட்டால்தான் குட்டு வெளிப்படும். முதலாவது ஒழுங்கான நேர்கோட்டுப் போக்கு. இரண்டாவது ஏறி இறங்கும் வளைகோடு. மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் வரிசை பிடித்து நிற்க, ஒன்று மட்டும் எகிறி நிற்கிறது. நான்காவதுதான் ஆபத்தானது. பத்துப் புள்ளிகளில் முதல் மாறி 8, ஒன்றில் மட்டும் 19. அந்த ஒன்றை எடுத்துவிட்டால் ஒட்டுறவைக் கணக்கிடவே முடியாது. மொத்த 0.82-ம் ஒற்றைப் புள்ளியின் தயவு!

‘அவை வேண்டுமென்றே சமைத்த எண்கள்தானே?’ என்பீர்கள். உண்மைதான். ஆனால் 62 கிலோ எடை 620 என்று பதிவாக யாரும் திட்டமிட வேண்டியதில்லை, கைதவறினால் போதும். ‘ஸ்பியர்மன் தரவரிசைக் கெழு காப்பாற்றாதா?’ பாதி காப்பாற்றும். மூன்றாவது தொகுதிக்கு 0.99 தந்து, எகிறிய புள்ளியை அடக்கிவிடுகிறது. வளைகோட்டுக்கோ 0.69 என்பதோடு சரி. ஏறியது பிறகு இறங்கியதைச் சொல்வதில்லை. கெழு எதுவானாலும் அது ஒற்றை எண். வடிவம் அதற்குள் அடங்காது.

அந்த நான்கு தொகுதிகளும் ஆர் மென்பொருளிலேயே ஆன்ஸ்கோம் பெயரில் இருக்கின்றன. இன்றே வரைந்து பாருங்கள். அப்படியே உங்கள் 11 புள்ளிகளையும்.