அலுமாரிக்குள் ஒரு ஸ்ரூடியோ

மாமா பதில்கள்

இந்தக் கிழமை வந்த கடிதங்களில் பாதி, வீட்டிலேயே பாட்டுப் பதிகிற பெடியளிடமிருந்து. மற்றப் பாதி அவர்களின் அயலட்டையிலிருந்து. இரண்டு கட்சிக்கும் ஒரே பக்கத்தில் பதில்.

புதுப் பாடலாசிரியன், அல்லைப்பிட்டி: மாமா, எல்லாரும் டெமோ டெமோ என்கிறார்கள். அப்படியென்றால் என்ன?

பாட்டின் மாதிரிப் பதிவு. தரகர் கொண்டு திரிகிற படம். கலியாண அல்பம் அல்ல. முகம் தெரிந்தால் போதும், பின்னால் வெள்ளைக் குதிரை நிற்கத் தேவையில்லை.

அதே ஆள்: லப்டொப், மைக், கீபோட், மிக்சர் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். பாரிசில் இருக்கிற சித்தப்பாவிடம் கேட்கட்டுமா?

சித்தப்பாவிடம் சுகம் கேள். போனில் ஒலிப்பதிவுச் செயலி இருக்கிறது. அதிலே மூன்று பாட்டை முடித்துவிட்டுப் பட்டியலை எடுத்துப் பார். பாதி உனக்கே வெட்கமாயிருக்கும்.

சந்தேகப் பேர்வழி, மண்டைதீவு: அறைக்குள் பதிந்த டெமோவால் ஆராவது உருப்பட்டிருக்கிறார்களா?

மாயா அருள்பிரகாசம். சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் ஓடித் திரிந்த பிள்ளை. லண்டனில் ஒரு பழைய நான்கு தட நாடாக் கருவி, ரோலண்ட் எம்சி-505 என்ற தாளப் பெட்டி, ஒரு மைக். அவ்வளவுதான் தளபாடம். ஆறு பாட்டு டெமோ பதிந்தார், அதில் ஒன்று 'கலாங்'. 2005இல் 'அருளர்' என்று அப்பாவின் பெயரிலேயே முதல் அல்பம் வந்தது. உன் போனில் அதைவிடக் கூடத் தடம் இருக்கிறது. பாட்டு எத்தனை இருக்கிறது?

ரகுமான் வெறியன், புங்குடுதீவு: ரகுமானும் வீட்டில்தானே தொடங்கினார்?

ஓம். கோடம்பாக்கத்து வீட்டோடு ஒட்டிப் 'பஞ்சதன் ரெக்கோர்ட் இன்'. 1992இல் 'ரோஜா'. அதற்கு முன் வருடக்கணக்காய் விளம்பரப் பாட்டு. அந்த வருடங்களைப் பற்றி ஒரு பெடியனும் எனக்குக் கடிதம் போட்டதில்லை.

குடும்பத் தலைவி, வேலணை: ஐயா, என் மகன் இரவு பதினொரு மணிக்கு அலுமாரியைத் திறந்துவைத்து, அதற்குள் முகத்தை விட்டு அழுகிறான். பயமாயிருக்கிறது.

அழவில்லை, தங்கச்சி. இரண்டாவது சரணம்.

அந்த மகனாக இருக்கக்கூடியவர், வேலணை: வீட்டில் எங்கே நின்று பதிந்தாலும் கிணற்றுக்குள் இருந்து பாடுகிற மாதிரி வருகிறது. அலுமாரி சரியா மாமா?

மிகச் சரி. நம் வீடுகளில் சுவர் சீமெந்து, நிலம் சீமெந்து, மேலே ஓடு இல்லாவிட்டால் தகரம். வெறுமையான விறாந்தையில் ஒரு தரம் கைதட்டிப் பார், ஐந்து பேர் திருப்பித் தட்டுவார்கள். கெட்டியான எதுவும் சத்தத்தை உதைத்து அனுப்பும்; துணி விழுங்கும். அம்மாவின் சேலைகள் நெருக்கமாய்த் தொங்குகிற அலுமாரியைத் திற. முதுகுப் பக்கம் கொடியில் ஒரு தடித்த போர்வையைப் போடு, ஏனென்றால் பின்சுவரும் சும்மா இராது. போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் ஒரு பக்கமாய் வை. 'ப' வருகிற இடமெல்லாம் மைக்கில் ஊதாது. கூறைச்சேலையைத் தொடாதே. பூச்சி உருண்டை மணத்தில் மேல் ஸ்தாயி தானாக வரும்.

காற்றோடு போராடுபவன், அல்லைப்பிட்டி: சோளகம் தொடங்கிவிட்டது. பதிவு முழுக்க 'பொஹ்ஹ்' என்று ஒரே இரைச்சல்.

காற்று மைக்கில் சத்தம் போடுவதில்லை, கன்னத்தில் அறைகிறது. யன்னலைச் சாத்து. மைக்குக்கு ஒரு பஞ்சுத் தொப்பி போடு. பதிந்த பிறகு 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடு. உன் குரலில் அங்கே சொத்து ஒன்றும் இல்லை. வாடை வரட்டும் என்று ஐப்பசி வரை காத்திருந்தாயோ, மழை வந்து தகரத்தில் தவில் வாசிக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா, அல்லைப்பிட்டி: வேலிக்கு அங்கால் ஒரு பெடியன் ஒரே பல்லவியை நாற்பது தரம் பாடுகிறான். எனக்கே பாடமாகிவிட்டது!

அவனுக்கு இன்னும் ஆகவில்லை.

நித்திரையில்லாதவன், ஊர்காவற்றுறை: எந்த நேரம் பதிவுக்கு நல்லது?

இரவு முழுக்க நாய். விடிய நாலுக்கு வள்ளத்து இஞ்சின், ஐந்துக்குக் கோயில் மணி, ஐந்தரைக்குச் சேவல், பிறகு பாண் வண்டி தன் பாட்டைப் போட்டுக்கொண்டு வரும். அதோடு எந்தப் பாடலாசிரியனாலும் போட்டி போட ஏலாது. மத்தியானம் சோறு தின்ற பிறகு ஒன்றரை மணிக்குப் பார். ஊரே பாயில். காகம்கூட வாய் திறக்காது.

ஓங்காரம் கேட்பவன், காரைநகர்: நான் பாடாதபோதும் பதிவில் 'ம்ம்ம்' என்று ஒரு நாதம் வருகிறது. அருளா?

இலங்கை மின்சாரம். 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். லப்டொப்பின் சார்ஜர் வயரைக் கழற்றிப் பதி. பிரிட்ஜையும் நிறுத்து. நிறுத்தும்போது மோட்டார் சைக்கிள் திறப்பை அதற்குள்ளே வைத்துவிடு, வெளிக்கிடும்போது தேடுவாய், மறுபடி போட ஞாபகம் வரும். பாட்டுப் பழுதானால் நீ திருத்தலாம். கணவாய் பழுதானால் அம்மா திருத்துவா, உன்னை.

மைக் வாங்கப் போகிறவள், நயினாதீவு: கண்டென்சரா, டைனமிக்கா?

கண்டென்சருக்கு 48 வோல்ட் மின்சாரமும் அமைதியான அறையும் வேண்டும். வேலியில் ஆடு பூவரசு மெல்லுவதையும் அது கேட்டு எழுதி வைக்கும். டைனமிக், காது மந்தமான அப்பு. வாயைக் கிட்டக் கொண்டுபோய்ச் சொன்னால்தான் ஏறும். தீவுக்கு அப்புதான் தோது, பிள்ளை.

சிவப்பு விளக்கு, யாழ்ப்பாணம்: உச்சத்தில் பாடினால் கரகரக்கிறது.

எண்முறைப் பதிவில் 0 டெசிபெல் என்பது கூரை. அதற்கு மேலே ஆகாயம் இல்லை, தலையில் இடிதான். உரத்த இடம் கழித்தல் 12க்கும் கழித்தல் 6க்கும் நடுவே நிற்கும்படி வை. சின்னதாய்ப் பதிந்ததைப் பெரிதாக்கலாம். இடிபட்ட தலையை நேராக்க ஏலாது.

நவீனன், கோப்பாய்: புளூடூத் காதுமாட்டி போட்டுப் பாடினால் இசைக்கும் எனக்கும் பொருந்தவில்லையே?

புளூடூத்தில் சத்தம் பிந்தித்தான் வரும். நீ குறிகட்டுவான் இறங்குதுறையில், தாளம் நடுக்கடலில். வயர் போட்டதை வாங்கு.

வாய்க்காரன், சங்கானை: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் ஒரு பாட்டாவது பதிந்ததுண்டா?

ஒன்று. தொண்ணூறுகளின் தொடக்கம். தீவை விட்டு இடம்பெயர்ந்து குடாநாட்டுக்குள் இருந்தோம். மின்சாரம் இல்லை, பற்றரி கண்ணிலும் காட்டமாட்டார்கள். சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, பெடலைக் கையால் சுற்றினால் றேடியோ பாடும். செய்தி கேட்க ஊரே அப்படித்தான் சுற்றியது.

எனக்குப் பாட்டு ஆசை. மச்சான் சுற்ற, நான் பாட, கசெற் ஓடியது. கசெற் நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். மச்சானுக்கு அது ஆரும் சொல்லவில்லை. பல்லவியில் ஒழுங்காய்ச் சுற்றினான். அனுபல்லவியில் கை மாற்றினான். சரணத்தில் களைத்துப்போனான். பிறகு கார் பற்றரி வைத்திருந்த ஒரு வீட்டில் அதைச் சரியான வேகத்தில் போட்டோம். மெல்ல ஓடியபோது பதிந்தது விரைவாய் ஓடினால் என்னவாகும்? சரணம் முழுக்க நான் அணில்குஞ்சு. பெரியம்மா கேட்டுவிட்டுச் சொன்னா: "முதலில் பாடினவன் சரியில்லை. பிறகு வந்த பிள்ளை ஆரு? நல்ல குரல்."

தாளம் தவறியவன், குருநகர்: மெட்ரோனோம் கட்டாயமா?

மேலே என் மச்சானைப் பார். கரைவலை இழுக்கிறவர்கள் அம்பாப் பாட்டுப் பாடும்போது தாளம் பிசகினால் வலை நின்றுவிடும். அவர்களுக்குக் கயிறு, உனக்குக் கிளிக்.

குழம்பியவள், நெடுந்தீவு: மெட்டு முதலா, வரி முதலா?

பழைய கூத்துப் பிரதிகளிலும் கீர்த்தனைப் புத்தகங்களிலும் 'இன்ன மெட்டு' என்று தலையிலேயே போட்டிருக்கும். மெட்டு இரவல், வரி சொந்தம், ஒருவருக்கும் கூச்சமில்லை. மக்கார்ட்னிக்கு 'யெஸ்டர்டே'யின் மெட்டு நித்திரையில் வந்தது. வரி வரும்வரை முட்டைப் பொரியலைப் பற்றி உளறித்தான் பாடி வைத்திருந்தார். நீ புட்டும் சம்பலும் என்று பாடிப் பதிந்து வை, பிள்ளை. வரி பிறகு வரும். மெட்டு மறந்தால் புட்டுத்தான் மிஞ்சும்.

தன் குரலை வெறுப்பவன், சுழிபுரம்: பதிவில் என் குரல் ஆரோ ஒருவனுடையது போலிருக்கிறது.

நீ பேசும்போது உன் குரல் உன் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் காதுக்குப் போகிறது. அதனால் உனக்கு மட்டும் கனதியாய்க் கேட்கும். மற்றவர்களுக்குக் காற்று வழியாக மட்டுமே. பதிவில் இருப்பதுதான் நாங்கள் இவ்வளவு காலமும் பொறுத்துக்கொண்டது. நீ விற்க வேண்டியது பாட்டுத்தான், தொண்டையை அல்ல. தேவாலயப் பாடகர் குழுவில் ஒரு பிள்ளையைப் பாடித்தரக் கேட்டுப் பார்.

சுருதி தேடுபவன், மானிப்பாய்: ஓட்டோ ரியூன் போட்டால்?

1997இல் அதைக் கொண்டுவந்த அண்டி ஹில்டெப்ரான்ட், அதற்கு முன் நில அதிர்வு அலைகளை ஆராய்ந்து எண்ணெய் தேடும் துறையில் இருந்தவர். நிலத்துக்கடியில் எண்ணெய் பிடித்தவருக்கு உன் தொண்டையில் சுருதி பிடிப்பது பெரிய காரியமா? ஆனால் கிணறு தோண்டுகிற எவரும், உள்ளே ஏதாவது இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் தோண்டுகிறார்.

ஒற்றைக் கிட்டார், கரம்பன்: கிட்டார் மட்டும் வைத்துப் பதிந்தால் மதிப்பார்களா?

நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யைப் பாடச் சொல்லி அம்மாவைக் கேள். கிட்டாரும் இல்லாமல் பாடுவா.

ஸ்காபரோ மருமகன், கனடா: டெமோவை விட ஸ்ரூடியோப் பதிவு மோசமாக வந்தால்?

டெமோவையே வெளியிடு. 1982 ஜனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீன், நியூ ஜேர்சியில் தான் இருந்த வீட்டுப் படுக்கையறையில், நான்கு தடக் கசெற் கருவி ஒன்றில் டெமோ பதிந்தார். பிறகு இசைக்குழுவோடு திரும்பப் பதிந்து பார்த்தார்கள், அந்த ருசி வரவில்லை. கடைசியில் கசெற்றே 'நெப்ராஸ்கா' அல்பமானது. அதற்கு முன் அதை உறைகூட இல்லாமல் காற்சட்டைப் பைக்குள் கொண்டு திரிந்தாராம். இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் பின்பற்றாதே.

பயந்தவன், அல்லைப்பிட்டி: அனுப்பினால் திருடிவிடுவார்களோ?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீ படைத்த கணமே உரிமை உனக்கு. பதியத் தேவையில்லை. நீ இருக்கும்வரையும், போன பிறகு 70 வருடமும். திகதி காட்ட உன் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பி வை. எனக்கு வந்த டெமோக்களைக் கேட்ட அளவில், கள்ளனுக்கும் கொஞ்சம் ரசனை உண்டு.

அவசரக்காரன், சாவகச்சேரி: வட்ஸ்அப் குரல் பதிவாக அனுப்பினால் போதாதா?

அது சாறைப் பிழிந்துவிட்டுச் சக்கையை அனுப்பும். கோப்பாக இணைத்து அனுப்பு. நெருக்காத வேவ் கோப்பு, இரண்டு பக்கச் சத்தத்தோடு, நிமிடத்துக்குப் பத்து மெகாபைட் அளவில் வரும். எம்பி3 ஆக்கினால் போதும். பெயரைக் 'கடைசி', 'மெய்யான கடைசி', 'அம்மாணைக் கடைசி' என்று வைக்காதே. பாட்டின் பெயர், உன் பெயர், போன் இலக்கம். முன்னிசை ஒரு நிமிடம் என்றால் 55 செக்கனை வெட்டு.

ஊரை நொந்தவன், அல்லைப்பிட்டி: பண்ணைப் பாலம் தாண்டி, அதற்கும் அங்கால் இருக்கிற எங்கள் ஊரை ஆர் திரும்பிப் பார்ப்பார்கள்?

1977இல் ஜோன் கார்ஸ்வெல் வந்து தோண்டியபோது உங்கள் ஊர் மண்ணுக்குள் சீனத்துச் சொங் காலப் பாத்திரங்கள் கிடந்தன. ஊரில் பிறந்த ஷோபாசக்தி நடித்த 'தீபன்' 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கியது. வருகிறவன் வந்திருக்கிறான், போகிறவன் போயிருக்கிறான். பாலத்தில் குற்றமில்லை, தம்பி.

கணக்குப் பிள்ளை, நல்லூர்: டெமோவுக்கு ஆராவது காசு தருவார்களா?

தந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்குப் பெயர் வந்த கதை அதுதானே. ஒரு பாணன் வந்தான், அரசன் முன் யாழ் வாசித்தான், மணற்காடு முழுக்கப் பரிசு. ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு ஊர்! கதைதான் என்றாலும் சம்பளம் மோசமில்லை. ஆனால் பாணன் விட்ட பிழை, பிரதி ஒன்றும் வைக்காமல் போனது. யாழ் எப்படி இருந்தது, எப்படிச் சுருதி சேர்த்தார்கள் என்று விபுலானந்த அடிகள் சிலப்பதிகாரத்திலிருந்து கிண்டிக் கணக்குப் போட்டு, 1947இல் 'யாழ் நூல்' என்று ஒரு பெரும் புத்தகமே எழுத வேண்டி வந்தது. உன் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வேலை வைக்காதே. இரண்டு இடத்தில் சேமி.

புதுப் பாடலாசிரியன், அல்லைப்பிட்டி: மாமா, ஒரு வழியாய் முடித்துவிட்டேன். அனுப்பினால் கேட்டுச் சொல்வீர்களா?

கேட்டுவிட்டேன். உன் பக்கத்து வீட்டு அக்கா போனில் முழுதாகப் பாடிக் காட்டினா. பல்லவி நல்லாயிருக்கிறது. சரணத்தில் சுருதி விலகுகிறது. உன்னுடையதா, அவவுடையதா என்று மட்டும் தெரியவில்லை.