ஒரு தொட்டி ஐஸ் தண்ணீர்

அடியாத மாடு படியாது என்பதில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அசையாத நம்பிக்கை. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மோதுகிறார்களே, அந்தக் கால்பந்தைச் சொல்கிறேன். 1954இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பயிற்சியாளர் பேர் பிரையன்ட், பையன்களை ஜங்ஷன் என்ற ஊருக்குக் கூட்டிப்போய் பத்து நாள் தண்ணீர் கொடுக்காமல் வெயிலில் வறுத்தார். பாதிப்பேருக்கு மேல் ஓடிவிட்டார்கள். அந்த ஆண்டு அணி ஆடியது பத்து ஆட்டம், ஜெயித்தது ஒன்று. ஆனாலும் அது வீரகாவியமாகிவிட்டது, படமும் எடுத்தார்கள்.

2018 மே 29, மேரிலாந்து பல்கலைக்கழகம். போட்டிகூட இல்லை, வெறும் உடற்பயிற்சி. 110 கெஜ ஓட்டம், பத்துத் தடவை. 19 வயது ஜோர்டன் மெக்னேர் தள்ளாடத் தொடங்கியது மாலை 4.53க்கு. மைதானத்தைவிட்டு அழைத்துப்போனது 5.27க்கு. அவசர உதவிக்கு போன் போட்டது 5.55க்கு. ஆம்புலன்ஸ் கிளம்பியது 6.36க்கு. ஓட்டத்தை நொடிக்கணக்கில் அளக்கிற மகான்களுக்கு ஒரு மணி 43 நிமிடம் போனது தெரியவில்லை.

அவனுக்கு வந்தது ஹீட் ஸ்ட்ரோக். அதற்கு அபூர்வ மருந்து எதுவும் வேண்டாம். மீன் கடையில்கூடக் கிடைக்கிற ஐஸ் போதும். அரை மணிக்குள் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி உடம்பைக் குளிர வைத்தால் ஏறக்குறைய எல்லோருமே பிழைத்துக்கொள்கிறார்கள். இங்கே இறக்கவில்லை. ஏனாம்? பையன் பெரிய உருவம், தொட்டியில் மூழ்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயமாம். என்ன கரிசனம்! தண்ணீரில் சாகக்கூடாதென்று சூட்டில் வேகவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் உடம்புச் சூடு 106 டிகிரி ஃபாரன்ஹீட். ஜூன் 13 அன்று இறந்துபோனான்.

பிறகு வழக்கம்போல விசாரணைக் குழு. எடை கூடிய ஒரு பையனை, மற்றவர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்தபடியே மிட்டாய் தின்ன வைத்தார்கள் என்றெல்லாம் புகார்கள் வந்திருந்தன. 192 பக்கம் எழுதிய குழு, இதை நச்சுக் கலாச்சாரம் என்று சொல்ல முடியாது, பிரச்சினைகள் புரையோடிப்போன கலாச்சாரம் மட்டுமே என்று கண்டுபிடித்தது. நஞ்சில்லை, சீழ்தான், நிம்மதியாகத் தூங்கலாம்.

அக்டோபர் 30 அன்று பல்கலைக்கழக ஆட்சிக்குழு, தலைமைப் பயிற்சியாளர் டி. ஜே. டர்கினைத் திரும்ப வேலையில் உட்கார வைத்தது. நடந்ததற்குச் சட்டப்படியும் தார்மீகப்படியும் பொறுப்பேற்பதாகப் பகிரங்கமாகச் சொன்ன பல்கலைக்கழகத் தலைவர் வாலஸ் லோ, ஓய்வுபெறப்போவதாக அறிவித்தார். பொறுப்பேற்றால் இதுதான் கதி! ஊர் காறித் துப்பவே, மறுநாளே டர்கின் நீக்கப்பட்டார். ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டியது சுமார் 55 லட்சம் டாலர் என்று செய்திகள் வந்தன.

அவர் பட்டினி கிடக்கவில்லை. மிசிசிப்பியில் வேலை கிடைத்தது. 2022இல் அதே டெக்சஸ் ஏ அண்ட் எம், 2024இல் ஆபர்ன்.

மெக்னேர் குடும்பத்துக்கு 2021இல் பேசி முடித்த இழப்பீடு 35 லட்சம் டாலர். பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பப் பேசிய தொகையைவிட 20 லட்சம் மலிவு.