சட்டமே விலக்கு கொடுத்த பெரியப்பா

1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாஸ் நெல்வயல்களில் இன்டெல் வந்து இறங்கியது முதல் அந்த ஊருக்குக் கைவந்த தொழில் இரண்டு: சின்னச் சின்னப் பொருளாகச் செய்வது, செய்வதை வெளியே சொல்லாமல் இருப்பது. என் பெரியப்பா அங்கே ஒரு சிப் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்தவர். வாசலில் காவலாளி கைப்பேசி கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டுவார். வேலை முடிந்து வெளியே வரும்வரை பெரியப்பாவின் நகம்கூட அதில் படாது. "உள்ள என்னதாங்க செய்யுறீங்க?" என்று பெரியம்மா கேட்டால், "சைன் பண்ணிக் குடுத்திருக்கேன், கேக்காதே" என்பார். வீட்டுக்காரர் ஏவுகணை செய்கிறார் என்றே பெரியம்மா வெகுகாலம் நம்பியிருந்தார்.

வேலை ஓய்வு வந்தது. மகள் ஒரு ஸ்மார்ட்ஃபோன் வாங்கிக் கொடுத்தாள். அதில் ஸ்டிக்கர் ஒட்டத்தான் ஆள் இல்லை.

இன்று காலைப் பசியாறல் முதல் ராத்திரி பிரஷர் மாத்திரைவரை எல்லாமே முகநூலில், ஊர் உலகம் பார்க்கும்படி. போன மாதம் சர்க்கரைப் பரிசோதனை அறிக்கையைப் படம் பிடித்துப் போட்டார். "வாழ்த்துகள் அண்ணே" என்று கீழே உறவுக்காரர்கள் வரிசை கட்டினார்கள். அவர் வீடு எங்கே என்பதைப் பாம்புக் கோயிலுக்கும் விமான நிலையத்துக்கும் நடுவில் என்று நான் நாசூக்காக நிறுத்திக்கொள்கிறேன்; கதவு எண்ணோடு அவரே போட்டிருக்கிறார். சென்னைக்குக் கிளம்பிய அன்று போர்டிங் பாஸைப் பார்கோடு தெரிய நீட்டிப் பிடித்து ஒரு படம். பயண விவரமெல்லாம் அந்தக் கோடுகளுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. கூடவே, "வீடு பூட்டியிருக்கும், யாரும் வந்து ஏமாற வேண்டாம்" என்று அன்பான அறிவிப்பு. திருடனும் ஏமாறக்கூடாது என்று நினைக்கும் நல்ல மனசு.

பேத்தியின் இருபத்தோராவது பிறந்தநாள்தான் உச்சம். கேக், பெயர், பிறந்த தேதி, பினாங்கில் பிறந்த கதை எல்லாம் ஒரே பதிவில். நம் அடையாள அட்டை (ஐசி) எண்ணில் இலக்கங்கள் 12. முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பினாங்குக்கு 07. ஆக எட்டு இலக்கத்தைத் தாத்தாவே தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிட்டார். மிச்சம் நாலு. அதிலும் கடைசி எண் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. பதிவில் இருப்பவள் பெண் என்பதற்குத்தான் படமே இருக்கிறதே! பத்தாயிரம் வாய்ப்பு ஐயாயிரமாகச் சுருங்கிவிட்டது.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னால், "அட போடா, எவன் பாக்கப் போறான்?" என்பார். சொல்லிவிட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கைப்பேசியைத் திறந்து பார்ப்பார்.

தகவல் பாதுகாப்பே தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். 2017-இல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம் கசிந்து இணையத்தில் விற்பனைக்கு வந்தபோது (நாட்டின் ஜனத்தொகையே சுமார் 3 கோடியே 20 லட்சம்தான்) குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதலில் கொதித்தவர் அவர். அடுக்குமாடி வாசலில் காவலாளி ஐசியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளப் பார்த்தால் விடமாட்டார். "உனக்கு அந்த அதிகாரம் இல்லைன்னு பதிவிலாகாவே சொல்லியிருக்கு!" என்று சண்டைக்கு நிற்பார். சட்டப்படி அவர் பேசுவது சரிதான். என்ன, அந்தச் சண்டையை முகநூல் நேரலையில் காட்டினார். காவலாளிக்குக் கொடுக்க மறுத்த ஐசியைக் கேமரா முன்னால் ஆட்டி ஆட்டிப் பேசினார்.

கடைசியில் பேத்தி சட்டத்தைக் கையில் எடுத்தாள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் நிறைவேறி, 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. வியாபார நடவடிக்கையில் நம் விவரங்களைக் கையாள்பவர்களைக் கட்டுப்படுத்துவது. தாத்தாவை மிரட்டலாம் என்று வாசிக்கப் போனவளுக்கு இரண்டு விலக்குகள் கண்ணில் பட்டன. கூட்டரசு, மாநில அரசாங்கங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. தனிமனிதர் தன் சொந்த, குடும்ப, வீட்டு விவகாரத்துக்காகக் கையாளும் தரவுக்கும் பொருந்தாது. பெரியப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா? கவர்மென்டும் நானும் ஒண்ணு."

அதையும் பதிவாகப் போட்டார்.

போலீஸ் என்றும் வங்கி என்றும் சொல்லி, நம் பெயரையும் ஐசி எண்ணையும் நம்மைவிடத் தெளிவாக வாசித்துக் காட்டும் மக்காவ் மோசடிக்காரர்கள் இப்படிப்பட்ட பக்கங்களைத்தான் தேடுகிறார்கள். பணம் கைமாறிவிட்டால் உடனே கூப்பிட வேண்டிய எண் 997, தேசிய மோசடிப் புகார் மையம். அதற்கு முன்னால் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. இதுவரை போட்ட பழைய பதிவுகளையெல்லாம் நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி ஒரேயடியாக மாற்றும் வசதி முகநூலின் தனியுரிமைப் பகுதியில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரு பெரியப்பா இருந்தால், அவர் ரொட்டி சானாயில் மும்முரமாக இருக்கும் நேரம் பார்த்து அதைத் தட்டிவிடுங்கள். லைக் குறைந்துவிட்டதே என்று கேட்டால், லைன் சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.