திராட்சைக்கு நஷ்டமில்லை

கறுப்பு வெள்ளைப் படங்களை இந்தக் காலத்திலும் சிலாகிக்கிறீர்களே... எங்கள் ஊர் பன்னீர் திராட்சைத் தோட்டத்தை அதில் எடுத்தால் என்னதான் தெரியும்?
(வாசகர், கூடலூர், தேனி மாவட்டம்)

திராட்சை கறுப்பாகவே தெரியும்; அதற்கொன்றும் நஷ்டமில்லை! உங்கள் பக்கத்துப் பண்ணைப்புரத்து இளையராஜா அறிமுகமான 'அன்னக்கிளி' (1976) கறுப்பு வெள்ளைதான். வயலில் பச்சையைக் காணோம் என்று எவராவது டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டாரா?

அதற்கு 22 வருஷம் முந்தியது எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954). பாட்டே கிடையாது. தொடக்கத்திலேயே சிவாஜியைச் சுட்டுச் சாய்த்துவிட்டு, கொன்றது யார் என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். பாதி முகத்தில் வெளிச்சம், மீதியில் இருட்டு. மாருதி ராவின் கேமரா யாரையும் நம்பவிடாது. கலரில் எடுத்திருந்தால், சிவாஜியின் கோட்டு என்ன நிறம் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்போம்.