கொடியில காயுற யானை

வாங்க மாப்ள, உக்காருங்க. காப்பித்தண்ணி வருது. அதென்ன அட்டைப்பெட்டி? ஓ, போன்ல காட்டுனீகளே, அந்தத் துணி டயப்பரா? பிரிங்க, பாப்போம்.

ஆத்தி! யானை, ஒட்டகச்சிவிங்கி, அன்னாசிப்பழம். இம்புட்டு அழகா இருக்கே, இதுலயா பிள்ளய ஒண்ணுக்குப் போகச் சொல்றீக? எத்தன வாங்குனீக? 24ஆ? நல்லா இருக்கு. பொண்ணு பாக்க வந்தப்பக்கூட நாலு தடவ யோசிச்சீக. இத ஒரே ராத்திரியில வாங்கிட்டீக.

எங்க காலத்துல ஒரே ஒரு பிராண்டுதான். எங்க வீட்டுக்காரரோட பழைய வேட்டி. ஒரு வேட்டியக் கிழிச்சா எட்டு லங்கோடு தேறும். அதுல ஒரே ஒரு சங்கடம், வேட்டி பழசாகணும். மனுசன் கட்டிக்கிட்டு நிக்கும்போதே எங்கெங்க நூல் விட்டிருக்குன்னு நான் பாத்துக்கிட்டே இருப்பேன். பொண்டாட்டிக்கு ஆசை கூடிப்போச்சுன்னு அவரு நெனச்சுக்கிட்டாரு.

கோவிச்சுக்காதீக, சொல்றேன். மொதல்ல நாலு, அஞ்சு வாங்கியிருக்கணும். அதுவும் ஒரே மாதிரி வாங்கக்கூடாது. எது நம்ம பிள்ள இடுப்புக்குப் பொருந்துதுன்னு பாத்துட்டு மிச்சத்த வாங்கணும். நம்ம குட்டி 3 கிலோ. தொடை ரெண்டும் முருங்கைக்கா. அந்தக் காலு வழியா ஒழுகாம எந்த யானை தடுக்கும்? இப்போதைக்கு மெல்லிசு லங்கோடு போதும். பச்சப்பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னெண்டு தடவ மாத்த வேண்டியிருக்கும். தொப்புள்கொடி விழுற வரைக்கும் முன்பக்கத்த அதுக்குக் கீழ மடிச்சுக் கட்டணும். தொடையில சதை பிடிக்கட்டும், அப்பறம் யானைய அவுத்து விடுங்க.

அப்பயும் பட்டனப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிறாதீக. வயித்துப் பக்கம் ரெண்டு வெரலு உள்ள போகணும். எலாஸ்டிக்கு தொடை மேல நிக்கக்கூடாது, ஜட்டி போடுற எடத்துல, அந்த மடிப்புல உக்காரணும். உள்துணி ஒரு நூல் வெளிய எட்டிப் பாத்தாலும் போச்சு, திரி எண்ணெய இழுக்குற மாதிரி ஈரத்த இழுத்து ஒங்க மடிக்குக் கொண்டாந்துரும்.

என்னது, இப்பவே கட்டிப் பாக்குறீகளா? உள்ள வைக்கிற அந்தப் பருத்தித் திண்டு புதுசு மாப்ள. புதுத் துணியும் புது மாப்ளையும் ஒண்ணு, எதச் சொன்னாலும் உள்ள வாங்காது. அஞ்சாறு தடவ தொவச்சுக் காயப் போட்டாத்தான் வழிக்கு வரும். ஒங்களுக்கு எத்தன தடவ ஆச்சுன்னு என் பேத்தியக் கேட்டுக்கறேன். இந்த மொசுமொசுன்னு இருக்கே, மைக்ரோ ஃபைபரா, இதுக்கு ஒரு தடவ போதும். ஆனா இத வெறும் தோலு மேல வச்சிறாதீக. தோல்ல இருக்குற ஈரத்தையும் சேத்து உறிஞ்சிரும். டயப்பருல இருக்குற பைக்குள்ள சொருகுறதுக்குத்தான் அது.

அப்பறம் கமகமன்னு ஒரு தண்ணி ஊத்துவீகளே, கம்போர்ட்டு. அது வேணாம். நூலு மேல மெழுகு பூசுன மாதிரி படிஞ்சு, துணி குடிக்க மறந்துரும். பிள்ளைக்குத் தேங்காண்ணெய நான் தடவுனாலும் அப்பிடித்தான். அதனால எண்ணெ தடவுன அன்னைக்கு நடுவுல ஒரு கிழிசத் துணிய வைங்க.

அமெரிக்காக்காரி ஒருத்தி கதைய வாசிச்சுக் காட்டுனீகளே, மரியான் டோனவன். பிள்ளத் துணியத் தொவச்சுத் தொவச்சு அலுத்துப்போயி, 1946ல குளிக்கிற எடத்துத் திரைச்சீலைய வெட்டி மேலுறை தச்சாளாம். அப்பறம் பாராசூட் துணியில. கம்பெனிக்காரன் எவனும் சீண்டல, 1949ல கடையில வச்சதும் பறந்துச்சாம். இந்த யானைக்கு அவதான் பாட்டி. கம்பெனிக்காரன் ஏன் சீண்டல தெரியுமா? அவன் வீட்டுல துணி தொவச்சது அவன் இல்ல.

அதுக்குத்தான் வாரேன். 24 துணி வாங்கியிருக்கீக, கெட்டிக்காரத்தனம். அதத் தொவைக்க யார வாங்கியிருக்கீக?

எந்திரிக்காதீக. அந்தக் காலத்துல எல்லாம் துணிதான்னு பீத்துற கெழவிகள நம்பாதீக, என்னையும் சேத்துத்தான். பேறுகாலத்துத் துணிய நாங்களா தொவச்சோம்? வெளுக்குற அம்மா வந்து மூட்டை கட்டிக்கிட்டுப் போகும். கூலி, ராத்திரிச் சோறு. தீட்டு எங்களுக்கு, நாத்தம் அதுக்கு. இப்ப யாரும் வரமாட்டாக, வரவும் கூடாது. என் பேத்தி வகுந்த வயித்தோட கெடக்கா. மிச்சம் இந்த வீட்டுல கையும் காலும் நல்லா இருக்கறது யாருன்னு எண்ணிப் பாருங்க.

பயப்படாதீக, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளயோடது தண்ணியிலயே கரைஞ்சிரும். சோறு தின்ன ஆரம்பிச்சப்பறந்தான் வேல. அப்பவும் ஒங்க கக்கூஸ்ல கழுவுற பைப்பு இருக்குல்ல, அத வச்சு அடிச்சு விட்டாப் போதும். வெள்ளக்காரன் வீட்டுல அந்தப் பைப்பு இல்லாம, இதுக்குன்னே தனியாக் காசு குடுத்து மாட்டுறானாம். நம்ம நாகரிகம் மூத்ததுதான். அலசுனத வாளியில ஊறப் போடாம, காத்தாட ஒரு கூடையில போட்டு, 2 நாளைக்கு ஒருக்க மிசின்ல ஓட்டுங்க. மொதல்ல பச்சத்தண்ணி, அப்பறம் சோப்பு. மஞ்சக் கறை போகலையேன்னு தேய்க்காதீக, ஈரத்தோட வெயில்ல போடுங்க, சூரியன் தின்னுரும். மேலுறைய மட்டும் நெழல்ல காயப் போடுங்க, இஸ்திரிப் பொட்டிய அது கண்ணுலயே காட்டாதீக.

கடை டயப்பரு கூடாதுன்னு நான் சொல்லல. ராத்திரிக்கு ஒண்ணு போட்டு ரெண்டு பேரும் தூங்குங்க, சாமி ஒண்ணும் கண்ணக் குத்தாது. ஆனா அதச் சுருட்டி எங்க கம்மாய்ல எறியாதீக. போன மாசம் நாய் ஒண்ணு இழுத்தாந்து கிழிச்சுச்சு, வாசல் பூரா ஊறுன ஜவ்வரிசி. நல்லாச் சுத்தித்தான் குடுக்கணும்னு 2016லயே சட்டம் போட்டுட்டாக. குப்பை வாங்க வர்ற தூய்மைக் காவலரு கைய வச்சுத்தான் பிரிக்குது, அதுவும் ஒரு பிள்ளயப் பெத்ததுதான்.

நடுவுல தெனம் கொஞ்ச நேரம் ஒண்ணும் கட்டாமக் காத்தாட விடுங்க, புண்ணு வராது. கழுத்து நிக்கட்டும், காலையில நானே ரெண்டு பாதத்து மேல உக்கார வச்சு ‘ஸ்ஸ்’ங்கறேன். இதுக்கும் இங்கிலீசுல ஏதோ பேரு வச்சுப் புத்தகம் விக்கிறாகளாமே?

மாப்ள, மேக்க பாருங்க. இருட்டிக்கிட்டு வருது. மாடிக் கொடியில எட்டு லங்கோடு கெடக்கு. காப்பிய வந்து குடிக்கலாம். செருப்பு மாட்டிக்கிட்டு ஓடுங்க, படி வழுக்கும். ஏத்தா, மாப்ளைக்கு அந்தக் கிளிப்பு டப்பாவக் குடு.