பின்சீட்டில் யார்?

அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுபோனது. அதன் அடியில் கேட்கும் சத்தத்துக்குக் காரணம் சொல்பவர்களின் உற்பத்தி மட்டும் நிற்கவேயில்லை. ‘கர்ர்... கர்ர்’ என்று எங்கோ உரசினால் போதும். டீக்கடைக்காரர் பேரிங் என்பார், மச்சான் கிரவுன் என்பார், எதிர்வீட்டு சார் “வித்துடுங்க” என்பார். குனிந்து மட்டும் யாரும் பார்க்க மாட்டார்கள், வேட்டி அழுக்காகிவிடும்.

இன்ஜின் முன்னால், அது தள்ளும் சக்கரம் பின்னால். இடையில் நீளமாகச் சுழல்கிறது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். காலியான ரோட்டில் நியூட்ரலில் உருளவிட்டாலும், வண்டி வேகத்துக்கேற்ப உரசல் கேட்டால் பாவம், இன்ஜினை விட்டுவிடலாம். விஷயம் தெரிந்த மெக்கானிக் அடுத்து ஒன்று கேட்பார்: “பின்சீட்ல ஆள் உக்காந்தா சத்தம் கூடுதா?” கூடினால், தளர்ந்த பின் ஸ்பிரிங் அமுங்கி, ஷாஃப்ட் மேலே எழும்பி எதையோ தொடுகிறது. இதைப் பின்சீட்டில் உட்காரும் மாமனாரிடம் யார் சொல்வது என்பது மெக்கானிக்கின் துறை அல்ல.

கீழே படுத்து டார்ச் அடித்தால், சேறும் கிரீஸும் அப்பிய ஷாஃப்ட்டில் ஓரிடம் மட்டும் வெள்ளி வளையம்போலப் பளபளக்கும். அதற்கு நேர்மேலே கிளிப் கழன்று தொங்கும் ஹேண்ட்பிரேக் கேபிள். சில வண்டிகளில் கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் நசுங்கி, எல்லாமே இறங்கியிருக்கும்.

கேபிள்தான் என்றால் ஒரு கிளிப்போடு வேலை முடிந்தது. ஓனருக்குத்தான் மனசு ஆறாது. “இவ்வளவு சத்தத்துக்கு வெறும் கிளிப்பா? எதுக்கும் ஷாஃப்ட்டோட யூ ஜாயின்ட்டையும் மாத்திடுங்க!”